ஊசிக்கு நேர்ந்த நோன்பு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி பணிமனையில் இருந்து அழைத்துக் கேட்டார்கள். கேட்டதும், எப்போதோ செய்த பிழை ஒன்று இப்போது பிடிபட்டுவிட்டது, அதற்கு விளக்கம் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பணிமனை இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் நான் எழும்பி நின்றுதான் பேசுவேன். அன்றைக்கும் நின்றேன். விசயம் இவ்வளவுதான் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் உட்காரவில்லை.

நான் உடப்புக் கடற்கரைக்காரன். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பாடசாலையை விட்டேன். கடலுக்குப் பயந்து வலை வள்ளம் என்று போகாமல் லொறியில் கிளீனராக ஏறினேன். எங்கள் ஊர்த் தீமிதியில் மற்றவர்கள் நெருப்பில் நடக்கும்போது நான் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நிற்பேன். இப்படிப்பட்ட ஒருவனைத்தான் சுகாதாரப் பகுதி சாரதியாக எடுத்துக்கொண்டது. டொக்டரையும் தாதி மிஸ்ஸையும் ஊசி மருந்துக் குளிர்ப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, புத்தளம் கடற்கரையோரத்துப் பாடசாலைகளுக்குப் போய் வருவது என் வேலை. எனக்கு ஊசி போடத் தெரியாது. மருந்துகளின் பெயர் வாயில் நுழையாது. ஆனால் பயம் எப்படி வரும், எந்த வழியால் வரும், வந்தால் எங்கே உட்காரும் என்பது தெரியும். அதில் எனக்குச் சின்ன வயதில் இருந்தே பயிற்சி உண்டு.

நீங்கள் இப்போது வேறு ஊசிகளோடு வேறு பிள்ளைகளிடம் போகிறீர்கள். நான் சொல்லப்போவது கொரோனாக் காலத்தில், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலை பாடசாலையாக ஊசி போட்டுக்கொண்டு போனபோது நடந்தது. கண்டக்குழிக்கு அப்பால் ஒரு மீனவக் கிராமம். பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்னைக் கண்டால் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊசி போடுவதற்கு முதல் நாள் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். அறிவித்தல் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டு மேலிடத்தில் இருந்து வந்திருந்தது. நல்ல குரல். செய்தி வாசிப்பது போல இருக்கும். "பெற்றோர்களே, அச்சப்பட வேண்டாம். தடுப்பூசி ஏற்றிய பின்னர் பாரதூரமான விளைவுகள் ஏதும் ஏற்படுமாயின் உடனடிச் சிகிச்சை வழங்க வைத்தியக் குழு ஆயத்தமாக உள்ளது." வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே, கருவாடு காயும் ஒழுங்கைகளுக்குள்ளே, மெதுவாக வாகனத்தை ஓட்டிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து கையைக் காட்டி வாகனத்தை நிற்பாட்டினார்.

"டிரைவர், நாங்க இன்னும் பயப்படவே இல்லயே. என்னத்துக்குப் பயப்பட வேணாம், பயப்பட வேணாம்ங்குறீங்க?"

"அது பொதுவாச் சொல்றது ராத்தா," என்றேன். அந்தப் பக்கத்தில் அக்காவை ராத்தா என்பார்கள்.

"பொதுவா ஏன் சொல்லோணும்? என்னமோ இரிக்கிதுதானே?"

நான் வாகனத்தை நகர்த்தினேன். உள்ளதைச் சொன்னால், அந்த அறிவித்தலைக் கேட்டுக் கேட்டு எனக்கே பயம் பிடித்திருந்தது. அன்று பின்னேரம் நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போது, காலையில் பயம் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்த கிராமம் முழுக்கப் பயந்துவிட்டிருந்தது. அறிவித்தல் நன்றாக வேலை செய்தது என்று பணிமனையில் சொன்னேன்.

அடுத்த நாள் காலை டொக்டர், மிஸ், நான், உதவிக்கு இரண்டு பேர் என்று பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். டொக்டர் இளம் பெண். குருநாகல் பக்கம், சிங்களவர். தமிழ் படித்து எழுதுகிற அளவுக்குத் தெரியும், பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துப் பேசுவார். மிஸ் சிலாபத்துக்காரர், கிறிஸ்தவ வேதக்காரப் பெண். இரண்டு மொழியிலும் ஏசத் தெரிந்தவர். பெயரைப் போட்டால் இப்போதும் ஏசுவார், ஆகவே மிஸ் என்றே எழுதுகிறேன். ஆளை எப்படிப் பார்ப்பது என்று நான் படித்தது அவரிடம்தான். அவர் படிப்பிக்கவில்லை, நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு முன்னமே வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். மகளின் பெயர் நஸ்லா. பதினைந்து வயது. வெள்ளைச் சீருடையும் பர்தாவும் போட்டிருந்தாள். சட்டையின் கை மணிக்கட்டுக்கு வெகுதூரம் மேலே நின்றது. காற்சட்டையும் கணுக்காலுக்கு மேலே நின்றது.

"பழைய யூனிபோமா மகள்?" என்று மிஸ் கேட்டார்.

"வேற இல்ல மிஸ். கொரோனா வந்ததுல இருந்து போடவே இல்ல."

தாய்தான் விசயத்தைச் சொன்னார். பிள்ளைக்குச் சிறுநீரக வருத்தம். கொரோனா பிடித்தால் தாங்காது என்று, நோய் வந்த நாள் தொட்டு வீட்டை விட்டு வெளியே விடவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்த பிறகும் இவளுக்குத் திறக்கவில்லை. கூட்டாளிமார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். பிறகு பிறகு அதுவும் குறைந்துபோனது.

"கிளினிக்ல பெரிய டொக்டர் சொன்னாரு மிஸ், இந்த ஊசியப் போட்டா ஸ்கூலுக்கு அனுப்பலாமாம். இவ ராவெல்லாம் தூங்கல்ல. சுபஹுத் தொழுகைக்கே யூனிபோமப் போட்டுட்டு உக்காந்திரிக்கிறா."

"உம்மா," என்று நஸ்லா தாயின் கையை இழுத்தாள். எல்லாவற்றையும் சொல்லவேண்டாம் என்று பொருள்.

வாசலில் முதலாவதாக நின்ற பிள்ளைக்கு முதலாவதாக ஊசியைப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நாங்கள் அவதானமான ஆட்கள். வருத்தமுள்ள பிள்ளையைக் கூட்டம் குறைந்த பிறகு ஆறுதலாகப் பார்த்துப் போடுவது நல்லது என்று டொக்டர் சொன்னார். நல்ல யோசனை என்று மிஸ்ஸும் சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நாளைக்கு வைப்போம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். நஸ்லாவை மரத்தடியில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். மற்றப் பிள்ளைகளின் பயம் தெளிவதற்கு முதலில் ஒரு நல்ல ஆளை இறக்க வேண்டும் என்று அதிபர் சொன்னார். அவர் கொண்டுவந்து நிறுத்தியது பாடசாலையின் உதைபந்தாட்டத் தலைவன் இர்பானை.

அவனைப் பார்த்தால் ஊசிக்குத்தான் பயம் வரும். தகப்பனோடு கரைவலை இழுத்து இழுத்து முறுக்கேறிய கை. சட்டைக் கையை அவனாகவே மடித்துவிட்டான். ஊசி உள்ளே போகும்போது யன்னலில் எட்டிப் பார்த்த பெடியன்மாரைப் பார்த்துக் கண்ணடித்தான். எழும்பினான். ஊசி போட்ட பிள்ளைகள் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய வகுப்பறைக்குள் காலை வைத்தான். அப்படியே சரிந்து விழுந்தான்.

யன்னலில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன.

நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். மனதுக்குள் கற்பிட்டி ஆஸ்பத்திரி வரை ஓட்டிப் போய்ச் சேர்ந்தும் விட்டேன். டொக்டர் ஓடிவந்து, கால்களைத் தூக்கி வாங்குப் பலகையின் மேல் வைத்து, நாடி பார்த்தார். "பயமில்லை, சும்மா மயக்கம்," என்றார். அதற்குள் அவன் கண்ணைத் திறந்தும் விட்டான். மிஸ் சீனி போட்ட தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வாயருகே பிடித்தார்.

இர்பான் வாயைத் திறக்கவில்லை.

"குடிங்க மகன்."

தலையை அசைத்தான். பல்லை இறுகக் கடித்துக்கொண்டான்.

"கொஞ்சம். உதட்டை நனைச்சாப் போதும்."

இன்னும் இறுக்கிக் கடித்தான். தாடை எலும்பு வெளியே தெரிந்தது. டொக்டரின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். மயங்கி விழுவது அவர் படித்த விசயம். வாயைத் திறக்க மறுப்பது படித்ததில் இல்லை. வாசற்படியில் நின்ற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். அவர் மதிலைத் தாண்டுவதற்கு முன் செய்தி தாண்டிவிட்டது. ஊசி போட்டதும் இர்பானுக்கு வாய் பூட்டிக்கொண்டதாம்.

இதற்கிடையே இன்னும் சில பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். அவர்களிலும் இருவர் விழுந்தார்கள். ஊசியே போடாமல் வரிசையில் நின்ற ஒரு பிள்ளையும் விழுந்தாள், ஆனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மழைக்கு முந்திய புழுக்கம் வேறு. முகக்கவசத்துக்குள் எனக்கே மூச்சு முட்டியது. தாய்மார் வந்து பிள்ளைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினார்கள். நஸ்லாவின் தாயும் வந்தார்.

"உம்மா, எனக்கு ஒண்டும் இல்லயே!"

"வா மகள். நீ விழுந்தா எழும்புவியா? வா."

"ஸ்கூல்?"

தாய் மகளின் கையைப் பிடித்தார். நஸ்லா மரத்தடிக் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய் இழுத்த இழுப்பில் கதிரையும் கொஞ்சத் தூரம் கூடவே போனது. பிறகு கையை விட்டாள். அவர்கள் வாசலைத் தாண்டிப் போவதை நான் சாவியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பாடசாலை வெறுமையாகிவிட்டது. ஊசி போட்ட பிள்ளைகளும், அவர்களைச் சுற்றி அழுகிற தாய்மாரும், உள்ளே ஒளிந்துகொண்ட சில மாணவர்களும் மட்டும் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சண்டைக்கு வந்தார். பாடசாலை வாசலில் றோல்ஸும் வடையும் விற்கிற ராத்தா. பெரிய பிளாஸ்டிக் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மிஸ்ஸிடம் வந்தார்.

"ஒங்கட ஊசியால என்ட யாவாரம் போச்சு. பாருங்க, பெட்டி போட்டபடியே இரிக்கி."

"ராத்தா, இங்க புள்ளைங்க விழுந்து கிடக்குது, நீங்க யாவாரம் கதைக்கிறீங்க," என்றேன்.

"நீ சும்மா இரி டிரைவர். நேத்து மைக்கக் கட்டிக்கிட்டு வந்து ஊரக் கெடுத்ததே நீதான்."

மிஸ் மட்டும் ஏசவில்லை. பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"எப்ப இருந்து விக்கல்ல?"

"விடிஞ்சதுல இருந்து. வழமையா ஸ்கூல் மணிக்கு முந்தியே பாதிப் பெட்டி காலி. இந்தா, இந்த இர்பான் ஒருத்தனே நாலு திம்பான். இண்டைக்கு என்னைக் கண்டதும் மொகத்தத் திருப்பிட்டுப் போறான்."

"ஊசிக்கு முந்தியே?"

"முந்தியேதான்!"

மிஸ் பெட்டியை விட்டுத் திரும்பினார். இர்பானுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். சுற்றி நின்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மகன், நோம்பா?"

இர்பான் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

கதை பிறகுதான் முழுசாக வந்தது. முதல் நாள் என்னுடைய ஒலிபெருக்கியைக் கேட்டுப் பயந்த தாய்மார் பின்னேரம் கூடிக் கதைத்திருக்கிறார்கள். ஊசியை மறுக்கவும் மனமில்லை, கொரோனாவில் ஊரில் செத்துப்போன ஆட்களையும் கண்டவர்கள். அதனால் பிள்ளைக்கு ஊசியால் ஒன்றும் ஆகக்கூடாது என்று நேர்ந்து, பிள்ளைகளையே அன்றைக்கு நோன்பு பிடிக்க வைத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன் எதையோ சாப்பிட்டதோடு சரி. அந்தப் புழுக்கத்தில் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் வரிசையில் நின்றிருக்கிறார்கள். ஊசியில் இருந்து காப்பாற்ற வைத்த நோன்புதான் பிள்ளைகளை விழுத்தியது. விழுத்திய பழி ஊசியின் தலையில்.

"ஏன் மகன் முதலே சொல்லல்ல?"

"நோம்புண்டு சொன்னா ஊசி போடாமத் திருப்பி அனுப்புவீங்களாம். பொறகு வரமாட்டீங்களாம். உம்மா சொன்னாங்க."

"அப்ப தேத்தண்ணி குடிச்சா என்ன?"

"நேத்தி வச்ச நோம்பு மிஸ். முறிஞ்சா எனக்கு ஏதாச்சும் ஆகிடும்." கண்ணை மூடியபடியே சொன்னான். அவன் அவ்வளவு பெரிய உடம்புக்குள் என்னைப் போலவே ஒரு ஆள் இருந்ததை நான் அப்போதுதான் கண்டேன்.

டொக்டர் கதிரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "அனே, ஐயோ, ஒரு கேள்வி. சாப்பிட்டதா, இல்லையா. ஒரே ஒரு கேள்வி நாங்க கேக்க இல்லை," என்றார். வருத்தம் உண்டா, ஒவ்வாமை உண்டா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டிருந்தோம். சாப்பிட்டாயா என்பது வீட்டில் கேட்கிற கேள்வி என்பதால் விட்டுவிட்டோம் போல.

எத்தனை பிள்ளைகள் நோன்பு என்று அறிய வேண்டியிருந்தது. உள்ளே ஒளிந்திருந்த மாணவர்களிடம் நேரே கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். மிஸ் வகுப்பறை வாசலில் நின்று, "பின்னேரம் கஞ்சி குடிக்கிற ஆக்கள் யாரு?" என்று கேட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. கூட வந்த எங்கள் உதவியாளரின் கையும் உயர்ந்தது. அவர் நோன்பு இல்லை, கஞ்சி பிடிக்குமாம்.

இனி என்ன செய்வது? தம்பிமார், தங்கச்சிமார், மருந்தும் ஊசியும் பற்றி உங்களுக்கு நிறையப் படிப்பிப்பார்கள். இந்த இடத்தைப் பற்றி ஒருவரும் படிப்பிப்பதில்லை. ஊரே வாய் பூட்டிய கதையைக் கதைத்துக்கொண்டிருக்கிறது. குளிர்ப்பெட்டியில் ஐஸ் இளகிக்கொண்டிருக்கிறது. நோன்பை முறிக்கச் சொன்னால் பயந்த தாய்மார் இன்னும் பயப்படுவார்கள். திரும்பிப் போய் வேறொரு நாள் வந்தால், அந்த நாளைக்குள் கதை கல்லாக இறுகிப்போய்விடும்.

டொக்டர் மேலிடத்துக்கு அழைத்தார். அழைப்பை முடித்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்: "நிலைமைக்கு ஏற்றபடி முடிவு எடுக்கட்டாம். ஆனா வழமையை மாத்த வேண்டாமாம்."

"நல்ல பதில்," என்றார் மிஸ். "ரெண்டு பக்கத்தாலும் அவங்களுக்குப் பாதுகாப்பு."

டொக்டர் முற்றத்தைப் பார்த்தார். நஸ்லாவின் கதிரை மரத்தடியில் இருந்து விலகி, இழுபட்ட இடத்திலேயே கோணலாக நின்றது.

"மஃரிப், நோம்பு துறக்கிற நேரம், எத்தனை மணி?" என்று கேட்டார்.

அதிபர் சொன்னார்.

"அப்ப நாங்க இருக்கிறது. நோம்பு துறந்து, கஞ்சி குடிச்சு, பிறகு வரட்டும். திறந்த மருந்து வீணாப் போகும், சாப்பிட்ட பெரிய ஆக்கள் இருந்தா அவங்களுக்குப் போட்டு முடிப்போம். புது மருந்துப் போத்தல் ஒண்ணும் திறக்க வேண்டாம். அண்ணன், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புது ஐஸ் கொண்டு வாங்க."

"டொக்டர், இங்க மீன்வாடியில ஐஸ் மலை மாதிரி இருக்குதே," என்றேன், அவ்வளவு தூரம் தனியே போவதற்குப் பயந்து.

"வேண்டாம் அண்ணன். பிறகு ஊசி போட்ட புள்ளைங்க மீன் வாசம் வருதுன்னு சொல்லுவாங்க."

போகும் வழியில் ஒலிபெருக்கியில் ஊருக்கு விசயத்தைச் சொல்லிவிட்டுப் போகும்படி மிஸ் சொன்னார். நான் பதிவைத் தேடினேன். அவர் அதைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீங்களே கதைங்க."

"நானா? என்னத்தச் சொல்றது மிஸ்?"

"நடந்ததைச் சொல்லுங்க. பயப்பட வேணாம் எண்டு மட்டும் சொல்லாதீங்க."

ஒரு கையால் வாகனத்தை ஓட்டிக்கொண்டு மறு கையில் மைக்கைப் பிடித்தேன். "புள்ளைங்க விழுந்தது நோம்போட இந்தப் புழுக்கத்துல நிண்டதால. இர்பானுக்கு வாய் பூட்டல்ல, நோம்பு முறிஞ்சிடும் எண்டு அவரே மூடி வச்சிருக்கிறார். நோம்பு துறந்து சாப்பிட்டுட்டு வாங்க, நாங்க ஸ்கூல்ல இருக்கிறோம்." இதுவரைக்கும் சரியாகச் சொன்னேன். பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மைக்கை நிற்பாட்டவும் மறந்துவிட்டேன். "எனக்கும் ஊசிக்குப் பயம்தான். நானும் பயந்து பயந்துதான் போட்டுக்கிட்டேன். அண்டைக்கு ராவு ஆஸ்பத்திரி வாசல்லயே வாகனத்தப் போட்டுட்டுப் படுத்தேன்."

அரசாங்க வாகனத்தில் இருந்து இப்படி ஒரு அறிவித்தல் அந்த ஊர் கேட்டதில்லை. வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. பயந்த ஆள் யார் என்று பார்க்கத்தான் வந்தார்கள். ஒரு கிடுகு வேலிப் படலையில் நஸ்லாவின் தாய் நின்று கையைக் காட்டினார். பின்னால் அதே குட்டைச் சீருடையோடு நஸ்லா. இன்னும் மாற்றவில்லை.

"உண்மையா நோம்பாலதான் விழுந்தாங்களா?"

"உண்மை. மிஸ் கேட்டு அவனே சொன்னான்."

"என்ட புள்ளக்கி கிட்னி வருத்தம். இவளுக்கு ஒண்டும் ஆகாதுண்டு ஒங்களால சொல்ல ஏலுமா?"

"ஏலாது," என்றேன். "எனக்குத் தெரியாது. டொக்டர்தான் பாத்துச் சொல்லோணும்."

அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எல்லாம் தெரியும் என்று சொல்கிறவர்களையே பார்த்துக் களைத்துப் போனவர் போல இருந்தார்.

"உம்மா," என்றாள் நஸ்லா. "நான் நோம்பு இல்லயே. மருந்து குடிக்கோணும் எண்டு எனக்குப் பதிலா நீங்கதானே புடிச்சீங்க. நான் காலையில பாணும் சம்பலும் திண்ட. அப்ப நான் எப்படி விழுவேன்?"

தாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப விழுறதுண்டா நான்தான் விழோணும்," என்றார். அவர் சிரிக்கவில்லை. நஸ்லா சிரித்தாள்.

நான் ஐஸோடு திரும்பி வந்தபோது பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியிருந்தது. பாடசாலை முற்றத்தில் பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதித்தது. காலையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போன அதே தாய்மார்தான் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள். பாங்கு கேட்டது. இர்பான் முதலில் ஈச்சம்பழம், பிறகு தண்ணீர், பிறகு கஞ்சி, பிறகு றோல்ஸ் என்று தொடங்கினான். ஊரே சுற்றி நின்று அவன் வாயைப் பார்த்தது. வாய் திறந்தது, மூடியது, மென்றது, மறுபடியும் திறந்தது. நாங்கள் கொண்டுபோன விளக்கப் படங்களை யாரும் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. ராத்தாவின் பெட்டி காலியாகிவிட்டது. போகும்போது என்னைப் பார்த்து, "அடுத்த முறை வரக்குள்ள முதல் நாளே சொல்லு டிரைவர், கூடப் போடுவன்," என்றார்.

இந்த முறை அவதானம் என்ற பெயரில் யாரும் பிற்போடவில்லை. நஸ்லாவை டொக்டர் முதலில் கூப்பிட்டார். கிளினிக் கொப்பியைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், கடைசியாக, "சாப்பிட்டதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அதற்குப் பிறகு ஒரு பிள்ளையிடமும் கேட்காமல் விட்டதை நான் காணவில்லை. ஊசி போடும்போது தாய்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு அரை மணி நேரக் காத்திருப்பு. அதற்கென்று ஒதுக்கியிருந்தது நஸ்லாவின் பழைய வகுப்பறை. குழல் விளக்கைப் போட்டிருந்தார்கள். அவள் போய்த் தன்னுடைய பழைய வாங்கில் உட்கார்ந்தாள். ஊசி போட்ட கூட்டாளிமார் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நெருங்கினார்கள். இடைவெளி விட்டு உட்காரும்படி டொக்டர் சொல்லச் சொல்ல வாங்கு நிறைந்தது. அவள் குட்டைச் சட்டையின் கையை இழுத்துப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். இவள் பதிலுக்கு அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தாள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்ததால் அவர்களுக்கும் கேட்டிருக்காது.

அரை மணி நேரம் முடிந்தது. மிஸ் வாசலில் வந்து நின்றார்.

"நஸ்லா, சரி. ஒண்டும் இல்லதானே? நீங்க போகலாம்."

நஸ்லா எழும்பப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள், அவர்களுக்கு இன்னும் நேரம் இருந்தது. பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டு நெற்றியில் கையை வைத்தாள்.

"மிஸ்... தலை லேசா சுத்துது."

எனக்கு உயிர் போய்விட்டது. காலையில் இருந்து இதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். வாகனத்துக்கு ஓடினேன், இயக்கினேன், பெரிய விளக்கையும் போட்டேன். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன்.

"மிஸ், வாகனம் தயார். கற்பிட்டிக்கா, புத்தளத்துக்கா?"

மிஸ் அசையவில்லை. நஸ்லாவின் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பார்த்தது மணிக்கூட்டை இல்லை. அந்தப் பிள்ளையின் முகத்தையும், அவள் மற்றக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கூட்டாளியையும், பிறகு வாசலில் நிற்கிற தாயையும் பார்த்தார். டொக்டர் எட்டிப் பார்த்துச் சிங்களத்தில் என்னவோ கேட்டார். மிஸ்ஸும் அதே மொழியில் பதில் சொன்னார். டொக்டர் நஸ்லாவை ஒரு தரம் சோதித்தார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார்.

"இவவ உடனே அனுப்ப ஏலாது," என்று மிஸ் சத்தமாக, முகத்தை மிகவும் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார். "இன்னும் அரை மணி நேரம் இருந்து பாக்கோணும். அண்ணன்!"

"மிஸ்!"

"வாகனத்த நிப்பாட்டுங்க. உங்கட லைட்டுல புள்ளைங்களுக்குக் கண் கூசுது."

நிற்பாட்டினேன். ஆனாலும் சாவியைக் கையில் இருந்து விடவில்லை. வருத்தம் என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் நாடியைப் பாருங்கள், அதை விடக்கூடாது. அதற்குப் பிறகு முகத்தையும் பாருங்கள். எனக்கு இதை எழுதத்தான் வருகிறது, அன்றைக்குச் செய்ய வரவில்லை. வகுப்பறை வாசலில் கடைசி வரைக்கும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றேன்.

பிள்ளைகள் நேரம் முடிய முடிய ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது, "நாளைக்கு வா," என்றார்கள். கடைசிக் கூட்டாளி எழும்பிப் போய்ப் பாடசாலை வாசலைத் தாண்டிய பிறகு, நஸ்லா நெற்றியில் இருந்து கையை எடுத்தாள்.

"இப்ப எப்படி மகள்?" என்று தாய் கேட்டார்.

"இப்ப சொகம் உம்மா," என்று எழும்பினாள். "போவோம்."